இண்டஸ்-2: வாயிலில் கரைந்த பீம் டைம்

இந்தூரிலுள்ள ராஜா ராமண்ணா உயர் தொழில்நுட்ப மையத்தின் இண்டஸ்-2 சிங்க்ரோட்ரானில் (எலக்ட்ரான்களை வளையத்தில் சுழலவிட்டு எக்ஸ்-கதிர் ஒளியைப் பெறும் கருவி) கோபால்ட் கலந்த மாதிரிகளை எக்ஸாஃப்ஸ் முறையில் (எக்ஸ்-கதிர் உட்கவர்தலைக் கொண்டு அணுவின் சுற்றுப்புற அமைப்பை அறியும் முறை) அளக்க விண்ணப்பித்ததும், அது ஏற்கப்பட்டதும், ஒன்பதாம் எண் பீம்லைனில் (வளையத்திலிருந்து ஒளி வந்து சேரும் அளவீட்டு நிலையம்) பீம் டைம், அதாவது அந்த ஒளியைப் பயன்படுத்தும் நேரம், ஒதுக்கப்பட்டதும் தடையின்றி நடந்தன. தடை எங்கள் கல்லூரி அலுவலகத்தில்தான் தொடங்கியது.

அந்த மையம் அணுசக்தித் துறையின் கீழ் இயங்குவதால், வருபவரின் பெயர், அடையாள அட்டை விவரம், மடிக்கணினியின் தொடர் எண் ஆகியவற்றைக் கல்லூரிக் கடிதத்தில் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டியிருந்தது. ஆதாரில் உள்ளபடி தந்தை பெயரை முழுமையாக எழுதிக் கொடுத்திருந்தேன். தட்டச்சு செய்த எழுத்தரோ, கல்லூரிப் பதிவேட்டில் இனிஷியல் மட்டுமே இருக்கிறது என்று அதைச் சுருக்கிவிட்டு, மடிக்கணினி பற்றிய வரியையும் தேவையற்றதென நீக்கிவிட்டார். நகல் கேட்டதற்கு, "அதுதான் அனுப்பியாச்சே, நகல் எதுக்கு?" என்பதே பதில். (இதே எழுத்தர் பின்னர், மையம் கொடுத்த வருகைச் சான்றிதழில் என் பெயர் விரிவாக இருப்பதைக் காரணம் காட்டிப் பயணப்படிக் கோப்பைத் திருப்பி அனுப்பினார்.)

வாயிலில் பட்டியலும் ஆதாரும் பொருந்தவில்லை. காவலர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் கண்ணியமாகவே பேசினார்கள். ஆனால் எங்கள் ஊரில் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது, தந்தை பெயரின் முதலெழுத்துதான் என்பதை அரைகுறை இந்தியில் விளக்குவது எளிதாக இல்லை. உடன் வந்த இளைய ஆய்வாளரின் ஆதாரில் இனிஷியலே இருந்ததால், அவர் மாதிரிப் பெட்டியுடன் உள்ளே போய்விட்டார். திருத்திய கடிதம், முத்திரை வைத்திருப்பவர் மதிய உணவு முடித்து வந்த பிறகே மின்னஞ்சலில் வந்து சேர்ந்தது.

ஒதுக்கிய நேரம் நமக்காக நீட்டிக்கப்படுவதில்லை. அதிலும் முழுவதும் ஒளி கிடைக்காது: 172.5 மீட்டர் சுற்றளவுள்ள வளையத்தில் எலக்ட்ரான் மின்னோட்டம் மணிக்கணக்கில் மெல்லக் குறைந்துகொண்டே வரும். பின்னர் எலக்ட்ரான்களை 55 கோடி எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் புதிதாகச் செலுத்தி 250 கோடிக்கு உயர்த்துவார்கள். அந்த இடைவேளைகளையும் கழித்துத்தான் திட்டமிட வேண்டும்.

நான் உள்ளே நுழைந்தபோது இளையவர், கோபால்ட் தகட்டைக் கொண்டு 7,709 எலக்ட்ரான் வோல்ட் விளிம்பில் (கோபால்ட் எக்ஸ்-கதிரைத் திடீரென மிகுதியாக உட்கவரத் தொடங்கும் ஆற்றல்) ஆற்றல் அளவைச் சரிபார்த்து முடித்திருந்தார். அந்தத் தகட்டை ஊரிலிருந்தே எடுத்துப் போயிருந்ததும், மாதிரிகளை போரான் நைட்ரைடுடன் அரைத்து வெவ்வேறு தடிமனில் வில்லைகளாக அழுத்தி வைத்திருந்ததும் எங்களைக் காப்பாற்றின. வில்லை தடித்தால் ஒளி மறுபுறம் வராது. மெலிந்தால் குறிகையை இரைச்சல் விழுங்கிவிடும். அங்கே போய் அரைத்துக்கொள்ளலாம் என்று போகிறவர்கள் இரவை இழப்பார்கள். மாதிரியை மாற்றும் ஒவ்வொரு முறையும் அளவீட்டு அறையைச் சுற்றிப் பார்த்து, யாரும் உள்ளே இல்லை என்பதற்கான பொத்தானை அழுத்திக் கதவடைத்தால்தான் ஒளியை மறைக்கும் தடுப்பு திறக்கும் என்பதால், ஒரே தாங்கியில் பல வில்லைகளை ஒட்டிவிடுவது நல்லது.

கோபால்ட் மிகக் குறைவாக இருந்த மாதிரி மட்டும் மாதிரியைக் கடந்து வரும் ஒளியை அளக்கும் ஊடுருவல் முறைக்கு மசியவில்லை; பீம்லைன் அறிவியலாளர், மாதிரி உமிழும் எக்ஸ்-கதிரை அளக்கும் ஒளிர்வு உணர்கருவிக்கு மாற்றித் தந்தார். இத்தகைய மாதிரி இருந்தால் விண்ணப்பத்திலேயே அதன் செறிவைக் குறிப்பிட்டு அந்தக் கருவியைக் கேட்டுவிடுங்கள்.