லெனின்கிராடின் 125 கிராம் ரொட்டி

1941 செப்டம்பர் 8 அன்று லடோகா ஏரிக்கரை ஊரான ஷ்லிசெல்பர்க் ஜெர்மன் படையிடம் வீழ்ந்ததும், சோவியத் நகரமான லெனின்கிராடின் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) கடைசித் தரைவழியும் அடைபட்டது. தெருத்தெருவாகப் போரிட்டு நகரைப் பிடிப்பதைவிடப் பட்டினி போட்டே அதை அழித்துவிடலாம் என்று ஹிட்லரின் தலைமை முடிவெடுத்ததே இந்தப் போரின் ஆகக் கொடிய பகுதி என்பது என் எண்ணம்.

நவம்பர் 20 முதல் குழந்தைகளுக்கும் அலுவலர்களுக்கும் கிடைத்தது நாளொன்றுக்கு 125 கிராம் ரொட்டிதான். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அந்தத் துண்டிலும் மரக்கூழும் பருத்திப் பிண்ணாக்கும் கலந்திருந்தன. உறைந்த லடோகா ஏரியின் மீது மாவு ஏற்றி வந்த லாரிகளில் சில, பனிப்பாளம் உடைந்து நீருக்குள் மூழ்கின.

உலகெங்கிலுமிருந்து நெல்லும் கோதுமையுமாகத் திரட்டிய விதைகளைக் காத்துநின்ற தாவரவியல் ஆய்வாளர்களில் பலர், கைக்கெட்டும் தூரத்தில் தானியம் இருந்தும் அதைத் தொடாமல் பசியில் இறந்தார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு கனக்கிறது.

1943 ஜனவரி 18 அன்று சோவியத் ராணுவமான செம்படை முற்றுகையை உடைத்து, ஏரிக்கரையோரம் ஒரு குறுகிய வழியைத் திறந்தது. பிப்ரவரி 7 அன்று முதல் ரயில் நகருக்குள் வந்தது. முற்றுகை முழுமையாக நீங்கியது 872 நாட்களுக்குப் பிறகு, 1944 ஜனவரி 27 அன்று; அன்று மாலை 324 பீரங்கிகள் வானை நோக்கி முழங்கின.