செவலைக்கு இருபத்தெட்டு நாள்

மே 9, 2025, வெள்ளி

பால்காரரைப் பார்த்துச் செவலை இன்று குரைக்கவில்லை. ஐந்து வருஷமாக அவர் வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டதுமே கேட்டுக்கு ஓடுகிறவன், இன்று தலையை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி தாடையைத் தரையில் வைத்துக்கொண்டான். "கத்திரி வெயிலுடி, நமக்கே முடியல, நாய்க்கு அசதியா இருக்காதா" என்றார் அத்தை. இருக்கலாம். எங்கள் கடலூர் குண்டு உப்பலவாடியில் பத்து மணிக்கு மேல் கடல் காத்தும் இல்லை. கோணியை நனைத்துக் கிணற்றடி நிழலில் போட்டேன். படுத்துக்கொண்டான். தட்டில் சோறு அப்படியே.

மே 11, ஞாயிறு

இரண்டு நாளாக வெயில் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். இன்று மதியம் அவன் மல்லாந்து படுத்திருந்தபோது அடிவயிற்றில் சிவப்புப் புள்ளிகளைப் பார்த்தேன். குண்டூசியால் குத்தினது மாதிரி, இருபது முப்பது. கொசுக்கடியா என்று விரலால் அழுத்தினேன், மறையவில்லை. சாயந்திரம் மூக்கிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் தரையில் விழுந்தது. அதைப் பார்த்ததும் கை காலெல்லாம் உதறிவிட்டது.

மே 12, திங்கள்

மூன்று ஆட்டோக்காரர்கள் நாயை ஏற்ற மாட்டேன் என்றார்கள். நாலாவது ஆள், "கீழ சாக்கு விரிச்சு உக்காத்தி வைங்கக்கா" என்றார். அவர் நன்றாக இருக்க வேண்டும்.

டாக்டரம்மா முதலில் பார்த்தது வாயைத்தான். மேல் உதட்டைத் தூக்கி ஈறைக் காட்டினார். வெள்ளைச் சுண்ணாம்பு போல இருந்தது. கட்டைவிரலால் ஈறை அழுத்திவிட்டு எடுத்தார். "நல்லா இருக்கிற நாய்க்கு இது ரெண்டு செகண்டுக்குள்ள திரும்ப சிவக்கணும். பாருங்க, எவ்வளவு நேரமாகுதுன்னு." நானும் எண்ணினேன். நாலு வரை போனது. காய்ச்சல் 104.6. நாய்க்கு 101லிருந்து 102.5 வரை சாதாரணம், நம்மை விட அதுகளுக்குச் சூடு கூடுதல்தான். எடை 16 கிலோ; போன வருஷம் 19 இருந்தான்.

முன்னங்காலில் ரத்தம் எடுத்த இடத்தில் பஞ்சை வைத்துப் பத்து நிமிஷம் அழுத்திப் பிடித்திருந்தேன். எடுத்தால் மறுபடி கசிந்தது. சாயந்திரம் ரிசல்ட் வந்தது. ரத்தத்தை உறைய வைக்கிற தட்டணுக்கள் இரண்டு லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டிய இடத்தில் 38 ஆயிரம். ஹீமோகுளோபின் 8.2. எர்லிக்கியா. உண்ணி கடித்து வருகிற காய்ச்சல். இன்னும் இறங்கி ரத்தம் ஏற்ற வேண்டி வந்தால் சென்னை வேப்பேரிக்குப் போகவேண்டியிருக்கும் என்றார். டாக்ஸிசைக்ளின், காலை ஒன்று, ராத்திரி அரை. இருபத்தெட்டு நாள். "அஞ்சாவது நாளே துள்ளி எழுந்துடுவான். நோய் போயிடுச்சுன்னு நிறுத்திடாதீங்க. நிறுத்தினா திரும்ப வரும்."

(இந்த அளவு 16 கிலோ நாய்க்கு, அவனைப் பார்த்து எழுதியது. உங்கள் நாய்க்கு உங்கள் டாக்டர் சொல்வதுதான்.)

மே 13, செவ்வாய்

மாத்திரையைத் தயிர்சோற்றில் பிசைந்து கொடுத்துவிட்டுப் பெருமையாகப் போனில் சொன்னேன். டாக்டரம்மா திட்டாத குறை. பாலிலும் தயிரிலும் இருக்கிற சுண்ணாம்புச் சத்து மருந்தைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாதாம். வெறும் வயிற்றிலும் கூடாது, வாந்தி எடுப்பான். அதனால் இனி கோழி ஈரல், வெங்காயம் இல்லாமல், வெறும் தண்ணீரில் வேகவைத்தது. ஈரலைக் கீறி உள்ளே மாத்திரையை வைத்து மூடி, முதலில் ஒரு வெறும் துண்டு, பிறகு மாத்திரைத் துண்டு, பின்னாலேயே இன்னொரு வெறும் துண்டு. மூன்றாவதைப் பார்த்த அவசரத்தில் இரண்டாவதை மெல்லாமல் விழுங்கிவிட்டான்.

எதிர்வீட்டு அக்கா வாசலில் நின்றே கேட்டார்: "உண்ணிக் காய்ச்சல் மனுசங்களுக்கும் வருமாமே, பேப்பர்ல போட்டிருந்தானே." அது வேறு. பேப்பரில் போடுவது புதரிலும் புல்லிலும் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத பூச்சியின் குஞ்சு கடித்து வருவது. செவலையைத் தொட்டாலோ அவன் நக்கினாலோ இது யாருக்கும் ஒட்டாது. டாக்டரம்மா சொன்னதை அப்படியே அக்காவுக்குச் சொன்னேன். நம்பினாரா தெரியவில்லை, ஆனால் கேட்டுக்குள் வந்தார்.

மே 15, வியாழன்

இரண்டு மணி நேரம் உண்ணி எடுத்தேன். 41. காதின் உள் மடிப்பு, கால் விரல் இடுக்கு, கழுத்துப் பட்டைக்கு அடியில், வாலுக்குக் கீழே. ரத்தம் குடித்து உப்பினது ஆமணக்கு முத்து மாதிரி சாம்பலாக, பளபளவென்று. குடிக்காதது எள்ளளவுதான், தடவினால் மச்சம் என்றே நினைப்போம். புருவம் எடுக்கிற இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்கணும். திருகினாலோ நசுக்கினாலோ தலை உள்ளேயே தங்கிவிடும். ஒவ்வொன்றையும் சோப்புத் தண்ணீரில் போட்டேன். அத்தை மண்ணெண்ணெய்த் துணியோடு வந்தார். அவர் ஊரில் மாட்டுக்கு அப்படித்தான் செய்வார்களாம். வேண்டாம் அத்தை, தோல் வெந்துவிடும், நக்கினால் வயிற்றுக்குள் போகும் என்றேன். கோபப்படவில்லை. டார்ச்சை எடுத்துவந்து காதுக்குள் அடித்துப் பிடித்துக்கொண்டிருந்தார், கை வலிக்கிற வரைக்கும்.

மே 17, சனி

காய்ச்சல் 102.2. தட்டைக் காலி செய்தான். வாலை ஒரு முறை ஆட்டினான். நான் அழுதேன் என்று எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை.

மே 20, செவ்வாய்

இதை நடந்தபடியே எழுதிவிடுகிறேன். யாராவது ஒரு வீட்டிலாவது நடக்காமல் இருக்கட்டும்.

நேற்று நான் கடைத்தெருவுக்குப் போயிருந்தபோது கொழுந்தனார் செவலைக்காக ஒரு உண்ணி மருந்து வாங்கிவந்து, கழுத்திலிருந்து வால் வரை முதுகில் ஊற்றிவிட்டிருக்கிறார். பாசத்தில் செய்ததுதான். "வீட்டில் பூனை இருக்கிறதே" என்று கடையில் கேட்டும் இருக்கிறார். ஒன்றும் ஆகாது என்றார்களாம்.

வெள்ளச்சி எங்களுக்கு வெள்ளத்தில் வந்தவள். போன நவம்பர் 30ஆம் தேதி பெஞ்சல் புயல் கரையைக் கடந்து, அடுத்த சில நாளில் சாத்தனூர் அணைத் தண்ணீரோடு பெண்ணையாறு ஊருக்குள் வந்தபோது, மாடிப்படியில் நனைந்து ஒட்டிக்கிடந்தாள், உள்ளங்கை அளவு. அன்றிலிருந்து செவலையின் வயிற்றில் சாய்ந்துதான் தூக்கம். நேற்று ராத்திரியும் அப்படித்தான் தூங்கியிருக்கிறாள்.

இன்று காலை ஆறு மணிக்கு அவள் இடது காது துடித்தது. ஈ உட்கார்ந்தால் உதறுவது போல, ஆனால் ஈ இல்லை. பிறகு வலது காது. பிறகு முகத்துத் தோல் சுருண்டு சுருண்டு ஓடியது. எழுந்து நடந்தாள், பின்னங்கால் நடுங்கிச் சரிந்தது. குப்பைத்தொட்டியில் அந்த மருந்து டப்பாவைத் தேடி எடுத்து, அத்தையின் கண்ணாடியைப் போட்டுப் படித்தேன். பெர்மெத்ரின். அதற்குக் கீழே பூனைப் படம், மேலே குறுக்குக் கோடு. அரிசி அளவு படம்.

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். "வெதுவெதுன்னு தண்ணி, பாத்திரம் தேய்க்கிற சோப்பு. உடம்பு முழுக்கக் கழுவுங்க. சூடா ஊத்தாதீங்க, பச்சைத் தண்ணியும் வேண்டாம். துண்டுல சுத்திக் கொண்டாங்க." கழுவும்போது என் கையை ஒரு தடவைகூடக் கீறவில்லை. கீறியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவ்வளவு துவண்டிருந்தாள்.

நாயின் ஈரல் உடைத்து வெளியேற்றிவிடுகிற பல மருந்துகளைப் பூனையின் ஈரலால் உடைக்க முடியாதாம். மனுசருக்குக் காய்ச்சலுக்குப் போடுகிற பாராசிட்டமாலும் அப்படியே, ஒரே மாத்திரை போதும் பூனை சாக. பெர்மெத்ரினுக்கு எதிர்ப்பு மருந்து இல்லை. நடுக்கத்தை அடக்க ஊசி, குளுக்கோஸ், இருட்டான அமைதியான அறை. அவ்வளவுதான் செய்ய முடியும் என்றார்.

ராத்திரி 11 மணி. சமையலறைக் கதவைச் சாத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். நடுக்கம் அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தரம். கொழுந்தனார் வாசல் திண்ணையில் இருக்கிறார், வீட்டுக்குப் போகவில்லை. யாரும் அவரை ஒன்றும் சொல்லவில்லை.

மே 22, வியாழன்

விடியற்காலை கதவைப் பிறாண்டுகிற சத்தம். வெள்ளச்சிதான், வெளியே விடச் சொல்லி. நடுக்கம் போய்விட்டது. காது மட்டும் எப்போதாவது ஒரு துடிப்பு. செவலையையும் சோப்பு போட்டுக் குளிப்பாட்டியாகிவிட்டது, ஆனாலும் இன்னும் மூன்று நாள் இரண்டு பேரும் தனித்தனி அறை. கதவின் இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் அவள். கதவிடுக்கில் இரண்டு மூக்கு.

மே 26, திங்கள்

பதினைந்தாவது நாள். தட்டணு 1 லட்சத்து 20 ஆயிரம். ஈறு இன்னும் வெளிர்தான், ஆனால் அழுத்தினால் இரண்டு செகண்டில் சிவக்கிறது. தினமும் காலையில் பல் தேய்த்ததும் அவன் உதட்டைத் தூக்கிப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. பூனைக்கும் பார்க்கிறேன்.

உண்ணிக்கு மாதம் ஒரு முறை வாயில் கொடுக்கிற மாத்திரை டாக்டரம்மா கொடுத்தார். ரத்தத்தில் கலந்து, கடிக்கிற உண்ணியைக் கொல்லுமாம். தோலில் ஒன்றும் இருக்காது, வெள்ளச்சி ஒட்டிப் படுத்தாலும் பயமில்லை.

மே 29, வியாழன்

நேற்றோடு கத்திரி முடிந்தது என்கிறார்கள், வெயில் கேட்டால்தானே.

வீட்டை வெளுத்தோம். நாயின் மேல் நாம் பார்ப்பது கொஞ்சம்தான், மீதி உண்ணி சுவரில் இருக்கிறது. ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு தடவை ரத்தம் குடித்துவிட்டுக் கீழே விழுந்து, சுவரேறி விரிசலுக்குள் போய்த் தோலுரித்துக்கொண்டு திரும்ப வருகிறது. ஒரு தாய் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டை வைக்கும். இவர் கட்டிலை வெளியே தூக்கிப் போட்டார். வெள்ளத்தில் பெயர்ந்த பூச்சு விரிசல்களில் டார்ச் அடித்தால், உள்ளே வரிசையாகச் சாம்பல் முத்துகள். உடம்பு கூசியது. மாட்டுக்கொட்டகைக்கு அடிக்கிற மருந்தை அடித்தால் ஒரே நாளில் முடியும், ஆனால் அவை பெரும்பாலும் அந்தப் பெர்மெத்ரினின் அண்ணன் தம்பிதான். வெள்ளச்சி இருக்கிற வீட்டில் கூடாது. அதனால் கொதிக்கிற தண்ணீர், இரும்புக் கம்பி, சிமெண்ட் பால், அதன் மேல் சுண்ணாம்பு. நாலு பேருக்கும் இடுப்பு விட்டுப்போனது. செவலையின் பழைய கோணியை எரித்தோம்.

ஜூன் 2, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்தாச்சு. காலை மாத்திரை இனி அத்தை பொறுப்பு. எட்டே முக்காலுக்கு ஸ்டாஃப் ரூமில் போன்: "முழுங்கிட்டான். வாயைத் திறந்து நாக்குக்கடியிலயும் பாத்துட்டேன்."

ஜூன் 8, ஞாயிறு

கடைசி மாத்திரை. 28.

ஜூன் 9, திங்கள்

தட்டணு 2 லட்சத்து 60 ஆயிரம். எடை 18. காய்ச்சலில் போடக்கூடாது என்று தள்ளிவைத்திருந்த வருஷாந்திர வெறிநாய்த் தடுப்பூசியை இன்னும் இரண்டு வாரம் விட்டுப் போடலாம் என்றார். வெள்ளச்சிக்குக் கருத்தடை ஆபரேஷனும் அப்போதே. அவளுக்கு ஏழு மாதம் ஆகப்போகிறது, மதிலில் ஒரு கடுவன் உட்கார ஆரம்பித்துவிட்டான்.

ஜூன் 16, திங்கள்

61 நாள் மீன்பிடித் தடை முடிந்து 14ஆம் தேதி நள்ளிரவுக்குப் பிறகு விசைப்படகுகள் கடலுக்குப் போயின. நேற்று சாயந்திரம் இவர் ஓ.டி. (கடலூர் முதுநகர்) துறைமுகத்திலிருந்து ஒரு பை காரப்பொடி மீன் வாங்கிவந்தார். தடைக்காலம் முழுக்க வெள்ளச்சி கோழியை முகர்ந்து பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பாள். உப்பு, மஞ்சள் ஒன்றும் இல்லாமல் வேகவைத்து, முள்ளை நானே ஒவ்வொன்றாக உருவினேன். தட்டை வைத்தபோது உறுமிக்கொண்டே தின்றாள். செவலை பின்னால் போய் நின்றான். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒரு அறை விட்டாள், அவன் மூக்கில். இரண்டடி தள்ளிப்போய் உட்கார்ந்து, அவள் முடிக்கிற வரைக்கும் காத்திருந்து, காலித் தட்டை நக்கினான்.

இன்று காலை ஐந்தே முக்கால். தெருமுனையில் வண்டிச் சத்தம். கேட் அதிர்ந்தது. பால்காரர் வண்டியைத் தள்ளி நிறுத்திக்கொண்டு, "வந்துட்டியாடா, வந்துட்டியா" என்று அங்கிருந்தே சத்தமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.