வெள்ளைத் தோலுக்கு டார்டன் கரை

நவம்பர் 6, எடின்பரோ

ஸ்காட்லாந்தின் அயர்ஷயரில் உள்ள ஒரு ஃப்ரீமேசன் லாட்ஜிலிருந்து, அதாவது பழைய கொத்தர் வழக்கங்களைச் சடங்காக வைத்திருக்கும் சகோதரச் சங்கத்தின் ஒரு கிளையிலிருந்து, ஆர்டர் உறுதியாகிவிட்டது. சடங்கின்போது இடுப்பில் கட்டும் ஏப்ரன்கள். வெள்ளை ஆட்டுக்குட்டித் தோல், சுற்றிலும் பிளாக் வாட்ச் டார்டனில், அதாவது ஸ்காட்லாந்தின் கரும்பச்சைக் கட்டத் துணியில், கரை. நவம்பர் 30, செயின்ட் ஆண்ட்ரூ தினத்துக்குள் வேண்டுமாம்.

ஸ்காட்லாந்து லாட்ஜ்களுக்குத் தைப்பதென்றால் எனக்குத் தனிப் பிரியம். இங்கிலாந்தில் சாதாரண லாட்ஜ்களுக்கெல்லாம் ஒரே வெளிர்நீலக் கரைதான். இங்கே ஒவ்வொரு லாட்ஜும் தன் நிறத்தைத் தானே முடிவு செய்துகொள்கிறது. பச்சை, சிவப்பு, சிலருக்கு டார்டன். ஏப்ரனின் மேல் மடிப்பும் வேறு: அங்கே முக்கோணம், இங்கே அரைவட்டம்.

நவம்பர் 10

இன்று முழுக்க வெட்டு வேலை. தோலில் குண்டூசி குத்தினால் ஓட்டை அப்படியே நின்றுவிடும், அதனால் எல்லாவற்றையும் கிளிப் போட்டுத்தான் பிடிக்கவேண்டும்.

டார்டனில் பாவும் ஊடையும் ஒரே வரிசையில் நிறம் மாறும். அந்த வரிசை ஓர் இடத்தில் திரும்பி, வந்த வழியே பின்னோக்கிப் போகும். அந்தத் திருப்பம் ஏப்ரனின் நட்டநடுவில் விழும்படி கரைத்துணியை வைத்தால் இடது மூலையும் வலது மூலையும் ஒன்றுபோல வரும். அரை அங்குலம் நகர்ந்தாலும் ஒரு மூலையில் பச்சை, மறு மூலையில் கறுப்பு. மூலைகளைச் சாய்வாக வெட்டி இணைத்தபோது கோடுகள் ஒன்றையொன்று தொட்டு நின்றன. தொடாமல் எதையும் அனுப்பமாட்டேன்.

மேல் மடிப்பின் வளைவுக்கு நேர்துணி வளையாது, குறுக்குச் சாய்வாக வெட்டிய கிராஸ் பீஸ்தான் வேண்டும். அப்படி வெட்டினால் கட்டம் வைரமாகத் திரும்பிவிடும், பிரியவும் தொடங்கும். வெட்டிய கையோடு ஓட்டுத்தையல் போட்டுவிட்டேன். இந்த வேலைக்கு அச்சடித்த பாலியெஸ்டர் ரிப்பன் மலிவாகக் கிடைக்கிறது. அதில் பாவும் இல்லை, ஊடையும் இல்லை. ஒரு சபை தன் அடையாளமாகக் கட்டிக்கொள்ளும் பொருளில் அதை ஒட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

நவம்பர் 13

ஏப்ரனோடு அணியும் கையுறைகள் வந்துவிட்டன. வெள்ளைக் கையுறை இவர்களிடம் எவ்வளவு பழையது என்பதற்கு எழுத்துச் சான்றே உண்டு. ஆறாம் ஜேம்ஸ் மன்னரின் கட்டட வேலைகளுக்குத் தலைவராக இருந்த வில்லியம் ஷா 1599-இல் கொத்தர்களுக்கு விதிகள் வகுத்தார். முழுத் தொழிலாளியாகச் சேர்பவர் பணத்தோடு பத்து ஷில்லிங் மதிப்புள்ள கையுறைகளும் தரவேண்டும் என்பது அதில் ஒன்று. அவர்கள் நிஜமாகவே கல் செதுக்கிய கொத்தனார்கள். ஏப்ரனும் அவர்கள் உடைதான்.

நவம்பர் 17

இவர்களுக்கு டார்டன் அவ்வளவு பழைய சொந்தம் இல்லை. அயர்ஷயர் தாழ்நிலம், டார்டனும் கில்ட் என்ற மடிப்புப் பாவாடையும் மலைநாட்டு உடை. பதவியிழந்த ஸ்டூவர்ட் அரச வம்சத்துக்காக எழுந்த யாக்கோபியக் கலகத்துக்குப் பிறகு 1746-இல் வந்த சட்டம் ஸ்காட்லாந்து ஆண்கள் அந்த உடையை அணியவே தடை போட்டது. முதல் முறை பிடிபட்டால் ஆறு மாதச் சிறை, மறுமுறை ஏழு ஆண்டு நாடுகடத்தல். மன்னரின் படைக்கு மட்டும் விலக்கு. பிளாக் வாட்ச் படைப்பிரிவின் கரும்பச்சைக் கட்டம் தடைக்காலம் முழுவதும் வெளிப்படையாக நடமாடியது அப்படித்தான். 1782-இல்தான் தடை நீங்கியது. கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் அதே அயர்ஷயரில் டார்போல்டனில் மேசனாகச் சேர்ந்தது அதற்கு முந்தைய ஆண்டு, ஜூலை 4-இல்.

அப்புறம் 1822-இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோ வந்தார். வரவேற்பை நடத்தியவர் எழுத்தாளர் வால்டர் ஸ்காட், அவரும் மேசன்தான். அந்த விழாவுக்குப் பிறகுதான் டார்டன் மலைநாட்டைத் தாண்டி மொத்த ஸ்காட்லாந்தின் உடையானது. இதனாலேயே சிலர் டார்டனை வேஷம் என்கிறார்கள். தண்டனைக்குப் பயந்து ஒளித்த துணியை ஒரு நாடே திரும்ப எடுத்து உடுத்தியதை நான் அப்படிச் சொல்லமாட்டேன்.

நவம்பர் 23

லாட்ஜிலிருந்து ஒரு பெரியவர் அளவு பார்க்க வந்தார். முழுக் கில்ட் உடை. கில்ட்டுக்கு முன்னால் தொங்கும் ஸ்போரன் பைமீது ஏப்ரன் விழுந்தால் புடைத்துக்கொண்டு நிற்கும். “பையை என்ன செய்வீங்க, ஐயா?” என்று கேட்டேன். “இடுப்புப் பக்கமாத் தள்ளிவிடுவேன்மா. சிலர் கழற்றியே வச்சிருவாங்க. ஏப்ரன்தான் முன்னால தெரியணும்,” என்றார். காலுறையில் செருகும் சிறு கத்தியை வெளியே வைத்துவிட்டு வரச் சொல்லும் லாட்ஜ்களும் உண்டாம். கண்ணாடி முன் நின்று பட்டையை இரண்டு துளை தளர்த்திக்கொண்டார்.

எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. புதிதாகச் சேர்பவருக்குக் கரையே இல்லாத வெறும் வெள்ளை ஏப்ரன். பிரபுவானாலும் பஸ் ஓட்டுநரானாலும் அதேதான். லாட்ஜின் நிறம் மூன்றாம் படியான மாஸ்டர் மேசன் ஆன பிறகே வருகிறது. டார்டனை அகலமாக வைக்கச் சொல்லி வேறோர் இடத்திலிருந்து முன்பு கேட்டிருக்கிறார்கள். நான் குறைக்கச் சொல்லித்தான் வாதாடுவேன். வெள்ளை தெரியவேண்டும்.

நவம்பர் 30

செயின்ட் ஆண்ட்ரூ தினம். 1736-இல் இதே நாளில் 33 லாட்ஜ்களின் பிரதிநிதிகள் எடின்பரோவில் கூடி, லாட்ஜ்களுக்கெல்லாம் தலைமையாக ஸ்காட்லாந்தின் கிராண்ட் லாட்ஜை அமைத்தார்கள், ரோஸ்லினின் வில்லியம் செயின்ட் கிளேர் முதல் கிராண்ட் மாஸ்டர். ஜார்ஜ் வீதி 96-ஆம் எண் கட்டடத்தில் இருக்கும் அருங்காட்சியகத்துக்கு மதியம் போய்ப் பழைய ஏப்ரன்களைப் பார்த்தேன், தையலை மட்டுமே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆர்டர் நேற்றே போய்ச் சேர்ந்துவிட்டது. மீந்த பிளாக் வாட்ச் துணியையும் சுருட்டிக் கூடவே அனுப்பியிருக்கிறேன். அடுத்த சாயத் தொட்டியில் வரும் பச்சை இதே பச்சையாக இருக்காது. கரை நைந்தால் இதிலிருந்துதான் ஒட்டுப்போடவேண்டும் என்று சீட்டு எழுதி வைத்திருக்கிறேன்.