மேம், ஒரு டவுட்டு

ஆகஸ்ட் 18

ராத்திரி பதினொன்றரைக்கு வாட்ஸ்அப்பில், "ஹாய் மேம், இன்டர்னல் எவ்ளோ?" பெயரும் இல்லை, வகுப்பும் இல்லை. முகப்புப் படத்தில் ஒரு நடிகர் முறைக்கிறார். 'ஹாய்' சொன்னதில் எனக்குக் கோபமில்லை. ஆனால் யாருடைய மார்க்கைச் சொல்வது? போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தூங்கிவிட்டேன்.

ஆகஸ்ட் 19

காலை வகுப்பில் ஐந்தொகை (பேலன்ஸ் ஷீட்) பாடத்துக்கு முன்னால் இதைத்தான் எடுத்தேன். கரும்பலகையில் எழுதிப் போட்டேன்: "வணக்கம் மேம். நான் இரண்டாம் ஆண்டு பி.காம். என் பெயர் இது, பதிவு எண் இது. உள்தேர்வு எழுதியிருந்தும் ஆப்சென்ட் என்று வந்திருக்கிறது. நாளை எப்போது வந்து பார்க்கலாம்?" ராத்திரி ஒன்பதுக்கு மேல் வேண்டாம் என்றும் சேர்த்துக்கொண்டேன். நூற்றில் 25 இன்டர்னல் மார்க்காக எங்கள் கையில் இருக்கிறது, பதற்றம் நியாயம்தான். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "இவ்ளோ டைப் பண்றதுக்கு நேர்லயே வந்துடலாமே மேம்." வாப்பா, அது இன்னும் நல்லது.

ஆகஸ்ட் 22

காசிமேட்டுப் பையன் இன்றும் லேட். விடியற்காலை மீன் ஏலத்தில் அப்பாவோடு நின்றுவிட்டு வருகிறான், சட்டைக் கையில் செதில் ஒன்று ஒட்டியிருந்தது. வாசலில் நின்று "மே ஐ கமின் மேம்" என்று கத்தினால் அறுபது பேரும் திரும்புகிறார்கள், கணக்கு பாதியில் நிற்கிறது. பின்பக்கமாக வந்து சத்தமில்லாமல் உட்கார், மணியடித்ததும் காரணம் சொல் என்றேன். வேறு சிலர் கதவுக்கு வெளியே கால் மணி நேரம் நிற்க வைப்பார்கள். அதனால் யாருக்கு என்ன மரியாதை கூடிவிடும்?

ஆகஸ்ட் 28

"மேம், நீங்க பர்மனென்ட்டா, கெஸ்ட்டா?" என்று கேட்டாள் ஒருத்தி. கெஸ்ட்தாம்மா, கௌரவ விரிவுரையாளர். கேள்வியில் குறும்பு இல்லை. பர்மனென்ட் வந்தால் எழுந்து நிற்கவும், கெஸ்ட் வந்தால் போனைப் பார்க்கவும் பிள்ளைகள் எங்களிடமிருந்துதான் கற்றுக்கொள்கிறார்கள். ஸ்டாஃப் ரூமில் எனக்குக் கதவோரத்து நாற்காலி, பெயர்ப்பலகை கிடையாது. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2019 வழிகாட்டுதல்படி இருவருக்கும் தகுதி ஒன்றுதான். அதையும் சொன்னேன். அப்போ உங்களையும் டாக்டர்னு கூப்பிடணுமா என்றாள். மேம் போதும், பாடத்தில் சந்தேகம் கேள்.

செப்டம்பர் 4

நாளைக்கு வரும் ஆசிரியர் தினத்துக்கு இன்றே கேக், கலர் பேப்பர், காலில் விழ ஒரு வரிசை. விழ வேண்டாம் என்று பின்னால் நகர்ந்துகொண்டேன். பேசச் சொன்னார்கள். ராதாகிருஷ்ணன் படித்த கிறித்துவக் கல்லூரி அப்போது தாம்பரத்தில் இல்லை, இங்கே ஜார்ஜ் டவுனில் இருந்தது என்றதும் நம்ம ஏரியா என்று கைத்தட்டல். 1921இல் அவர் மைசூரிலிருந்து கல்கத்தாவுக்குக் கிளம்பியபோது, மாணவர்கள் அவருடைய வண்டியை ஸ்டேஷன் வரை தாங்களே இழுத்துப் போனதையும் சொன்னேன்.

"உங்க ஸ்கூட்டிய மின்ட் வரைக்கும் தள்ளவா மேம்?"

வண்டியில் பெட்ரோல் இருக்கிறது, பாக்கி அசைன்மென்ட்டைக் கொடுங்கள் என்றேன். ஏழு பேர் இன்னும் தரவில்லை.