அவங்க நம்மள எழும்பச் சொன்னா?

"அவங்க நம்மள எழும்பச் சொன்னா என்னம்மா பண்றது?"

அக்கா கேட்டது இவ்வளவுதான். "அப்படியெல்லாம் சொல்ல மாட்டாங்கக்கா" என்றேன். எங்கள் பூஜைப் பொருள் வியாபாரத்துக்குக் கோலாலம்பூர் சிகாம்புட்டில், பலர் பகிர்ந்துகொள்ளும் ஒரு கிடங்கில் இடம் எடுக்கும் ஒப்பந்தம் அது. அண்ணன் கையெழுத்துப் போட்டார், நான் முத்திரை வரி வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். 2023 பிப்ரவரியில் நடந்தது. இன்னும் அந்தக் கேள்வியை என்னால் தாண்ட முடியவில்லை.

அன்று காலை முழுவதும் நாங்கள் பேசியது கற்பூரத்தைப் பற்றி. சிகாம்புட் இடத்தின் விதிமுறையில் எரியக்கூடிய பொருள் எதுவும் வைக்கக் கூடாது என்று இருந்தது. கற்பூரம் கப்பல் சரக்குப் பட்டியலில் ஐநா எண் 2717, வகுப்பு 4.1, எரியக்கூடிய திடப்பொருள். கிள்ளான் துறைமுகத்தில் ஒருமுறை இதற்காகவே எங்கள் கன்டெய்னர் நின்றிருக்கிறது, அதனால் எனக்கு மனப்பாடம். கற்பூரமும் விளக்கெண்ணெயும் செந்தூல் கடையிலேயே இருக்கட்டும், குத்துவிளக்கு, பித்தளைத் தட்டு, ஊதுபத்தி, சாம்பிராணி மட்டும் சிகாம்புட்டுக்குப் போகட்டும் என்றேன். "சாம்பிராணி எரியாதா?" என்று அண்ணன் கேட்டார். அதற்காக அந்த இடத்து மேனேஜருக்கு போன் போட்டு, அவர் இன்சூரன்ஸ்காரரைக் கேட்டு, திரும்பக் கூப்பிடுவதற்குள் ஒரு மணி நேரம் போய்விட்டது. பெரிய ஆபத்தை நான் கண்டுபிடித்துவிட்டேன் என்ற நிம்மதி எனக்கு. அந்த நிம்மதியில் இருக்கும்போதுதான் அக்கா கேட்டார்.

கணக்கில் நான் தவறவில்லை. எங்கள் வியாபாரம் ஊதிச் சுருங்கும் வியாபாரம். தை முடிந்தால் பதினைந்து பேலட் (சரக்கு அடுக்கும் பலகைத் தட்டு) சரக்கு, தீபாவளிக்கு முன் அறுபது. சிகாம்புட்டில் பேலட்டுக்கு மாதம் 45 ரிங்கிட், மேலே நான்கு பேர் உட்கார ஒரு ஆபீஸ் அறைக்கு 900. ஃபோர்க்லிஃப்ட், கன்டெய்னர் இறக்கும் இடம், பேக்கிங் மேசை எல்லாம் பொதுவில். தனியாக ஒரு லிங்க் ஃபேக்டரி, அதாவது வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிற்கூடங்களில் ஒன்று, எடுத்தால் மாதம் 6,000. இரண்டு மாத டெபாசிட், தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம், முதல் மாத வாடகை என்று சாவி வாங்கும் அன்றே 21,000 ரிங்கிட் இறங்கிவிடும். அந்தப் பணத்தை நாச்சியார்கோயில் பட்டறைக்கு முன்பணமாக அனுப்பலாம் என்றேன். செந்தூல் கடையின் மாடிப்படியில் பித்தளையைச் சுமந்து ஏறிய பையன்களின் முதுகையும் சொன்னேன். அதை நான் வாதத்துக்காகச் சொல்லவில்லை. ஒருவன் அந்த வாரம் வேலைக்கே வரவில்லை.

"ஒரு மாசம் நோட்டீஸ் குடுத்தா போதும்ணே, எப்ப வேணும்னாலும் வெளிய வந்துடலாம்." இதை எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! எப்போது வேண்டுமானாலும் நாம் வெளியே வரலாம் என்றால், எப்போது வேண்டுமானாலும் நம்மை வெளியே அனுப்பலாம் என்றுதானே பொருள். அக்காவுக்கு ஆங்கில ஒப்பந்தம் படிக்க வராது. ஆனால் நான் சொன்ன ஒரு வாக்கியத்தைத் திருப்பிப் பார்த்துக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

2023 தீபாவளி நவம்பர் 12. அதற்கு முந்தின நாள் 11.11, ஷாப்பி, லாசாடா என்ற இணையச் சந்தைகள் தள்ளுபடி விற்பனையால் நாட்டையே உலுக்கும் நாள். செப்டம்பர் முதல் வாரம் மேனேஜர் கடிதம் கொடுத்தார். ஒரு பெரிய இணைய வியாபாரி 11.11-க்கும் 12.12-க்கும் சேர்த்துத் தளம் முழுவதையும் கேட்கிறாராம். முப்பது நாள். நியாயமான மனிதர்தான், கடைசி மாத வாடகையில் பாதியைத் தள்ளுபடி செய்தார். நான் வாடகைதாரர் உரிமை என்று பேசப்போனேன். அவர் முதல் பக்கத்தைக் காட்டினார். தலைப்பிலேயே 'டெனன்சி' (வாடகை ஒப்பந்தம்) என்று இல்லை, 'லைசன்ஸ்' என்றுதான் இருந்தது. இடத்தைப் பயன்படுத்த ஒரு அனுமதி, அவ்வளவுதான்.

அக்டோபரைப் பற்றி அதிகம் எழுத எனக்குத் தெம்பில்லை. ஒரு கன்டெய்னர் கடலில் இருந்தது, இன்னொன்று துறைமுகத்தில், கட்டணமில்லாமல் நிறுத்தி வைக்க விடும் இலவச நாட்களைத் தின்றுகொண்டிருந்தது. மூன்று லோரியில் இரவோடு இரவாக ஏற்றி, அக்கா வீட்டுப் போர்ச்சிலும், அவர் அம்மா படுக்கும் அறையிலும், செந்தூல் மாடியிலும் இறக்கினோம். தினமும் சாயங்காலம் மழை. கேன்வாஸுக்குக் கீழே ஊதுபத்திப் பெட்டிகள் ஈரம் குடித்துவிட்டன. அக்காவின் அம்மா அந்த மாதம் முழுவதும் ஹால் சோபாவில் படுத்தார். ஒரு வார்த்தை யாரும் என்னைச் சொல்லவில்லை.

டிசம்பரில் பத்துமலையில் ஒன்றரை மாடி லிங்க் ஃபேக்டரி எடுத்தோம். முன்பக்கம் மேலே ஆபீஸ், பின்னால் கூரை உயர்ந்த ஸ்டோர். அது கோலாலம்பூர் மாநகர் மன்ற எல்லைக்கு வெளியே இருப்பதால் செலாயாங் நகராண்மைக் கழகத்தில் புதிதாக வியாபார லைசன்ஸ் எடுக்க வேண்டியிருந்தது. மூன்று ஆண்டு ஒப்பந்தம். அதற்கு மேல் போனால் நில அலுவலகத்தில் பதிய வேண்டும் என்பதால் இங்கே பெரும்பாலும் மூன்றோடுதான் நிறுத்துவார்கள். இடையில் எழும்ப முடியாது, உள்வாடகைக்கும் விட முடியாது. வருடத்தில் ஏழு மாதம் பாதி ஸ்டோர் காலியாகக் கிடக்கிறது. கூட்டிப் பார்த்தால், அந்த ஒரு அக்டோபர் தின்றதைவிட இந்தக் காலி இடம் தின்றது அதிகம். இதைப் பார்க்கும்போது, பிப்ரவரியில் நான் சொன்னதுதான் சரி என்று தோன்றும். நோட்டீஸை மூன்று மாதமாக மாற்றித் தரக் கேட்டிருந்தால் போதும், அங்கேயே இருந்திருக்கலாம். அவர்கள் மறுத்திருந்தால், செப்டம்பர் முதல் நவம்பர் வரை மட்டுமாவது எழும்பச் சொல்லக் கூடாது என்று ஒரு வரி கேட்டிருக்கலாம். பிறகு அக்காவின் அம்மா சோபாவில் புரண்டு படுத்தது நினைவுக்கு வரும். எந்தக் கணக்கில் அதைச் சேர்ப்பது?

இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்று இருக்கிறது. கடிதம் வந்த அன்று, "அந்த வரிய நான் கவனிக்கலண்ணே" என்று அண்ணனிடம் சொன்னேன். நம்பித்தான் சொன்னேன். போன மாதம் பழைய ஃபைலைத் தேடியபோது சிகாம்புட் ஒப்பந்தம் கையில் கிடைத்தது. 'இரு தரப்பிலும் முப்பது நாள்' என்ற வரிக்குப் பக்கத்தில் பென்சிலில் ஒரு சின்ன டிக். என் கைதான், நான் டிக் போட்டால் வால் மேலே வளையும். படித்திருக்கிறேன், சரி என்று குறித்தும் இருக்கிறேன். அப்படியென்றால் அக்காவுக்கு நான் சொன்ன பதில் தெரியாமல் சொன்னது இல்லை. கற்பூரத்தில் களைத்துப் போய், கையெழுத்து ஆகட்டும் என்று சொன்னதா? அவர் கேள்வியை ஒரு கேள்வியாகவே நான் எடுத்துக்கொள்ளவில்லையா? இரண்டாவதுதான் என்று நினைக்கும் நாட்களில் எனக்குத் தூக்கம் வருவதில்லை. அதே கேள்வியை அண்ணன் கேட்டிருந்தால் பக்கத்தைப் புரட்டிக் காட்டியிருப்பேன்.

இந்த நவம்பரில் பத்துமலை ஒப்பந்தம் முடிகிறது. நீட்டிப்பதா, சிறிதாக வேறு எடுப்பதா, மறுபடியும் பேலட் கணக்கா என்று மூன்று தாள்கள் என் மேசையில் இருக்கின்றன. நேற்று அக்கா தேநீர் வைத்துவிட்டுப் போகும்போது எட்டிப் பார்த்தார்.

"நீ படிச்சிட்டியாம்மா? அப்ப சரிதான்."

"இல்லக்கா, உட்காருங்க. ஒவ்வொரு வரியா தமிழ்ல சொல்றேன், நீங்க கேள்வி கேளுங்க."

உட்கார்ந்தார். முதல் தாளில் ஆறாவது வரிவரை போனோம். டிக்கைப் பற்றி நான் இன்னும் சொல்லவில்லை.