0.96 அங்குல ஓஎல்இடி-யில் வைஃபை கியூஆர்: இரண்டு எழுத்து குறைத்தால் கிடைக்கும் இடம்

வைஃபை உள்ள சிறு மைக்ரோகன்ட்ரோலரான இஎஸ்பி32 போர்டு தானே ஒரு ஹாட்ஸ்பாட் திறக்கிறது. அதன் பெயரையும் கடவுச்சொல்லையும் போனில் தட்டாமல், திரையில் தெரியும் கியூஆரை ஸ்கேன் செய்தே இணைய வேண்டும். திரை 0.96 அங்குல ஓஎல்இடி, 128×64 பிக்சல், அதை இயக்குவது எஸ்எஸ்டி1306 சிப். வயர் நான்குதான்: 3.3 வோல்ட், கிரவுண்ட், எஸ்டிஏ (தரவு) 21-ஆம் பின்னில், எஸ்சிஎல் (கடிகாரத் துடிப்பு) 22-இல்.

சிக்கல் அந்த 64 பிக்சல் உயரத்தில்தான். வைஃபை கியூஆரில், பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ என்றால், மாறாத எழுத்துகளே (WIFI:T:WPA;S:;P:;;) 18. பெயர் 8, கடவுச்சொல் 8 சேர்ந்தால் 34. கியூஆரின் அளவை வெர்ஷன் எண் குறிக்கும். வெர்ஷன் 2 கியூஆர், குறைந்த பிழைதிருத்தமான 'எல்' நிலையில்கூட, 32 பைட்தான் (ஓர் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்) கொள்ளும். ஆகவே வெர்ஷன் 3, அதாவது 29×29 கட்டம். கட்டத்துக்கு 2 பிக்சல் வீதம் 58. மேலும் கீழும் மிஞ்சுவது மும்மூன்று பிக்சல், ஒன்றரைக் கட்டம். தரநிலை கேட்பதோ சுற்றிலும் 4 கட்ட வெள்ளை ஓரம். திரையின் சட்டமும் கறுப்பு என்பதால் மூலைச் சதுரங்களைப் பிரித்தறிய போன் திணறும்.

பெயரை 6 எழுத்தாக்கினால் மொத்தம் சரியாக 32. வெர்ஷன் 2 போதும்: 25 கட்டம், 50 பிக்சல், ஓரம் மூன்றரைக் கட்டம். கடவுச்சொல்லை 8-க்குக் கீழே குறைக்க டபிள்யூபிஏ விடாது. அதில் அரைப்புள்ளி, காற்புள்ளி, முக்காற்புள்ளி வந்தால் ஒவ்வொன்றின் முன்னும் ஒரு பின்சாய்வுக்கோடு சேர்க்க வேண்டும். நீளம் மறுபடி எகிறும். பெயரைத் தமிழில் வைக்க ஆசைப்படுபவர்கள் கவனிக்க: எழுத்துகளை பைட்டாக்கும் யூடிஎஃப்-8 முறையில் 'தமிழ்' என்பது 15 பைட்.

அடுத்தது நிறம். கறுப்புக் கட்டங்களை எரியும் பிக்சல்களாக வரைந்துவிடுவது எல்லாரும் செய்யும் பிழை. படம் அழகாகத் தெரியும், ஆனால் நெகட்டிவ். பல ஸ்கேனர்கள் அதை ஏற்காது. முதலில் திரை முழுவதையும் வெள்ளையால் நிரப்பி, அதன்மேல் கறுப்புக் கட்டங்களை 2×2 சதுரங்களாக வரையுங்கள்.

மஞ்சள்-நீல ஓஎல்இடி இதற்கு வேண்டவே வேண்டாம். மேல் 16 வரிசை மஞ்சள், கீழ் 48 நீலம். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி கியூஆரைக் குறுக்கே வெட்டும். ஒரே நிற வெள்ளைத் திரை வாங்குங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் ஸ்கேன் ஆகவில்லையா? வெளிச்சத்தைக் குறையுங்கள். முழுத்திரையும் எரியும்போது கேமராவில் வெள்ளை பரவிக் கறுப்புக் கட்டங்களை விழுங்கும். கியூஆரின் அகலம் ஏறக்குறைய 8.5 மில்லிமீட்டர்தான் என்பதால் போனை ஒட்டிப் பிடிக்கத் தோன்றும். அப்போது ஃபோகஸ் போய்விடும். சற்றுத் தள்ளிப் பிடித்து ஜூம் செய்வதே வழி.