அப்லிங்க் கிராண்ட்டின் செலவைக் குறைத்த கதை

எல்டிஇ (4ஜி) அப்லிங்குக்கு, அதாவது ஃபோன் பேஸ் ஸ்டேஷனுக்கு அனுப்புகிற பக்கத்துக்கு, யாருக்கு எந்த இடம் என்று பங்கிடுகிற ஒரு ஷெட்யூலர் எழுதி சிமுலேட்டரில் ஓட்டிக்கொண்டிருந்தேன். செல் முழுக்க வாய்ஸ் கால் பேசுகிறவர்களும் சின்னச் சின்ன பாக்கெட் அனுப்புகிற கருவிகளும்தான். யூசர்களைக் கூட்டிக்கொண்டே போனபோது ஒரு கட்டத்தில் த்ரூபுட் (விநாடிக்குப் போய்ச்சேருகிற டேட்டா) அப்படியே நின்றுவிட்டது, ஆனால் அப்லிங்க் பக்கம் பார்த்தால் ரிசோர்ஸ் பிளாக்குகள் (அலைவரிசையைக் கூறுபோட்ட துண்டுகள்) நிறையக் காலியாகக் கிடந்தன. டேட்டா அனுப்ப இடம் இருக்கிறது, "இந்த இடம் உனக்கு" என்று சொல்வதற்குத்தான் இடம் இல்லை. அப்படிச் சொல்கிற செய்திதான் கிராண்ட். அது போக வேண்டிய கன்ட்ரோல் சேனல், சப்ஃப்ரேம் என்கிற 1 மில்லிசெகண்ட் கூறின் முதல் சில சிம்பல்களுக்குள் (சின்ன நேரத் துண்டுகளுக்குள்) அடங்கியாக வேண்டும், அதிலும் டவுன்லிங்க்குக்கான (பேஸ் ஸ்டேஷனிலிருந்து ஃபோனுக்கு வருகிற பக்கத்துக்கான) செய்திகள் பங்கு கேட்கும்.

ஒப்பிட ஓர் அடிப்படை வேண்டும் என்பதால் முதல் பதிப்பில் பிட்மேப்தான் வைத்திருந்தேன். 20 மெகாஹெர்ட்ஸில் 100 பிளாக், பிளாக்குக்கு ஒரு பிட், ஆக 100 பிட். எந்தப் பிளாக்கை வேண்டுமானாலும் யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். ஆனால் எல்டிஇ அப்லிங்கில் அந்தச் சுதந்திரம் அவ்வளவாகப் பயன்படாது. ஃபோனின் பவர் ஆம்ப்ளிஃபயரைக் காப்பாற்றத்தான் அங்கே ஒற்றை கேரியர் அலைவடிவம் வைத்திருக்கிறார்கள், அதனால் அடிப்படை முறையில் ஒருவருக்குக் கொடுக்கிற பிளாக்குகள் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். தொடர்ச்சி என்றால் எங்கே ஆரம்பம், எவ்வளவு நீளம், இந்த இரண்டும் போதும். 100 பிளாக்கில் அப்படி 5050 விதம்தான் உண்டு, அதைச் சொல்ல 13 பிட் போதும்.

அந்த இரண்டையும் ஒரே எண்ணாக மடிக்கிற விதம் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. 20-வது பிளாக்கில் ஆரம்பித்து 8 பிளாக் என்றால், நீளத்தில் ஒன்றைக் கழித்து 100-ஆல் பெருக்கி ஆரம்பத்தைக் கூட்டினால் 720. ஃபோன் அதை 100-ஆல் வகுத்தால் ஈவு 7, மீதி 20, வேலை முடிந்தது. நீளம் பாதியைத் தாண்டினால் கண்ணாடிப் பிம்பம் மாதிரி திருப்பி எழுத வேண்டும். 10-ல் ஆரம்பித்து 80 பிளாக் என்பது 2189 ஆகிறது. அதை வகுத்தால் 89-ல் ஆரம்பித்து 22 பிளாக் என்று வரும், ஆனால் 89-லிருந்து 22 என்பது 100-க்குள் அடங்காது, அப்போதே இது திருப்பி எழுதப்பட்டது என்று ஃபோனுக்குத் தெரிந்துவிடும். இதற்கென்று தனியாக ஒரு பிட்கூடத் தேவையில்லை.

சரி, 13-லிருந்து இன்னும் இறக்க முடியுமா? நீளம் எதுவாகவும் இருக்கலாம் என்பது உண்மையில்லை, ஃபோன் செய்கிற டிஎஃப்டி (ஃபூரியர் உருமாற்றக் கணக்கு) எளிதாக இருக்க வேண்டும் என்பதற்காக 2, 3, 5 இவற்றின் பெருக்கலாக வரும் எண்களை மட்டும்தான் அனுமதிக்கிறார்கள். 7 பிளாக், 11 பிளாக் எல்லாம் கிடையாது. உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன்: 100 வரை அப்படிப்பட்ட நீளங்கள் 34, ஆரம்ப இடங்களோடு சேர்த்தால் 2176 விதம். 2048-ஐக் கொஞ்சம் தாண்டிவிட்டதால் 12 பிட் வேண்டும், லாபம் ஒரே ஒரு பிட். அந்த ஒரு பிட்டும் நிற்காது. எல்டிஇ தரத்தின் முதல் பதிப்பான ரிலீஸ் 8-ல், இருபது மெகாஹெர்ட்ஸ் எஃப்டிடியில் (இரு பக்கத்துக்கும் தனித்தனி அலைவரிசை உள்ள முறையில்) அப்லிங்க் கிராண்ட் 27 பிட், அதோடு அளவு ஒத்துப்போக வேண்டிய டவுன்லிங்க் ஃபார்மட் 28 பிட், அதனால் கிராண்ட்டுக்குப் பின்னால் ஒரு வெற்று பிட் ஒட்டி இரண்டையும் சமமாக்குகிறார்கள். இரண்டு அளவு இருந்தால் ஃபோன் இரண்டு தடவை டிகோட் செய்து பார்க்க வேண்டியிருக்கும் என்பதுதான் காரணம், அது நியாயமும்கூட. ஆக நான் ஒரு பிட் மிச்சம் பிடித்தால் ஒட்டுகிற பிட் இரண்டாகும், அவ்வளவுதான்.

இதற்கு நேர்மாறாக, ரிலீஸ் 10-ல் இரண்டு துண்டாகக் கொடுக்க வழி செய்தபோது இடத்தைச் சொல்கிற பகுதிக்குப் பிட்டையே கூட்டாமல் முடித்திருக்கிறார்கள். நாலு நாலு பிளாக்காகக் குழுவாக்கி, இரண்டு துண்டுகளுக்கும் ஆரம்பமும் முடிவுமாக 4 புள்ளிகளைத் தேர்ந்தெடுத்தால் 14950 விதம், 14 பிட். பழைய 13 பிட்டோடு ஹாப்பிங்குக்கு (அலைவரிசை மாறித் தாவுவதற்கு) வைத்திருந்த ஒரு பிட்டைச் சேர்த்தால் அதே 14! இதைக் கணக்குப் போட்டுப் பார்த்த அன்று சந்தோஷம் தாங்கவில்லை.

அப்புறம்தான் கிராண்ட்டை இளைக்க வைப்பதை விட்டுவிட்டு, கிராண்ட்டே அனுப்பாமல் இருப்பது எப்படி என்று யோசித்தேன். பிழையைச் சரிபார்க்கும் சிஆர்சி 16 பிட் சேர்த்து 44 பிட் போகிற ஒரு கிராண்ட், சிக்னல் நன்றாக இருக்கிற யூசருக்கே 72 பிட் கொள்ளும் ஒரு முழு யூனிட்டை எடுத்துக்கொள்ளும், செல் ஓரத்தில் இருப்பவருக்கு அப்படி 8 யூனிட் வரை போகும். வாய்ஸ் பாக்கெட் 20 மில்லிசெகண்டுக்கு ஒன்று வருகிறது, அதாவது பேசிக்கொண்டிருக்கிற ஒவ்வொருவருக்கும் விநாடிக்கு 50 கிராண்ட். செமி பெர்சிஸ்டண்ட் ஷெட்யூலிங்கைப் போட்டதும், பேச ஆரம்பிக்கும்போது ஒரு கிராண்ட், அதன் பிறகு 20 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை அதே இடம் தானாகக் கிடைக்கும். பாக்கெட் பிழையானால்கூட எல்டிஇ அப்லிங்கில் ஒரு நாக் ("சரியாக வரவில்லை" என்கிற பதில்) வந்தாலே போதும், முதலில் அனுப்பியதிலிருந்து 8 மில்லிசெகண்ட் கழித்து அதே பிளாக்குகளில் ஃபோன் மறுபடி அனுப்பிவிடும். சிமுலேட்டரில் அந்த நெரிசல் கண்முன்னே கலைந்தது, காலியாகக் கிடந்த பிளாக்குகளுக்கும் ஆள் வந்தார்கள்.

செலவு வேறு பக்கம் வந்தது. பேச்சை நிறுத்திவிட்ட யூசரின் இடம் சும்மா பிடித்து வைக்கப்பட்டிருக்கும். வெறுமையாகத் தொடர்ந்து 2, 3, 4 அல்லது 8 தடவை அனுப்பினால் தானாக விட்டுவிடும்படி அமைக்கலாம். எனக்கு 2 ரொம்ப அவசரமாகப் பட்டது, சின்ன இடைவெளி விட்டுப் பேசுகிறவர் ஒவ்வொரு முறையும் புதுசாகக் கிராண்ட் கேட்டு வருகிறார், அதனால் 4 வைத்தேன். சின்ன பாக்கெட் கருவிகளுக்கு இது அவ்வளவாகப் பொருந்தவில்லை, அவை எப்போது அனுப்பும் என்று சொல்லவே முடியாது. அவற்றுக்கு அடிக்கடி வரும்படி இடம் ஒதுக்கி, டேட்டா இல்லாவிட்டால் எதுவும் அனுப்ப வேண்டாம் என்று ரிலீஸ் 14-ல் வந்த வசதியைப் போட்டிருக்கிறேன். ஃபோனின் பேட்டரி மிச்சம், பக்கத்து செல்லுக்கு இன்டர்ஃபியரன்ஸும் குறைவு. ஆனால் வந்தது நிஜ சிக்னலா, வெறும் இரைச்சலா என்று பேஸ் ஸ்டேஷன்தான் ஒவ்வொரு தடவையும் முடிவெடுக்க வேண்டும், அந்த வரம்பை எங்கே வைப்பது என்பதைத்தான் இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறேன்.